இருளிலும் ஒரு நடுக்கம்: ஈர்ப்பு அலைகளும் குவாண்டம் இயற்பியலும்

அணு, எலெக்ட்ரான், ஒளித்துகள் போன்ற மிகச் சிறியவற்றின் இயல்பை ஆராய்வது குவாண்டம் இயற்பியல். விண்மீன்கள், கருந்துளைகள், அண்டம் போன்ற மிகப் பெரியவற்றைப் பற்றிப் பேசுவது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கை. இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நமக்குத் தோன்றலாம்.

ஆனால் இரண்டும் ஒரே கூரையின்கீழ் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் ஆய்வகம். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதும்போது எழும் அலையைக் கேட்க வேண்டுமானால், கருவியில் ஓடும் ஒளியின் மிக நுண்ணிய நடுக்கத்தை முதலில் அடக்க வேண்டும். அந்த நடுக்கமோ கருவியின் குறையால் வருவதன்று. இயற்கையின் விதியால் வருவது. விதியை மீற யாராலும் முடியாது. அப்படியிருந்தும் விஞ்ஞானிகள் அதை அடக்கினார்கள். எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம்.

ஈர்ப்பு அலை என்பது என்ன?

பொருள் இருக்கும் இடத்தில் வெளியும் காலமும் வளைகின்றன. அந்த வளைவையே நாம் ஈர்ப்பு விசையாக உணர்கிறோம். இது 1915-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் முடித்து அளித்த பொதுச் சார்புக் கொள்கையின் சாரம். பெரும் பொருள்கள் வேகமாகச் சுழன்று அசைந்தால் இந்த வளைவும் அசைந்து, ஒளியின் வேகத்தில் அலையாகப் பரவும் என்று அவர் 1916-இல் கூறினார். இவையே ஈர்ப்பு அலைகள்.

ஈர்ப்பு அலை நம்மைக் கடக்கும்போது வெளியே நீண்டு சுருங்குகிறது. ஒரு திசையில் நீளம் கூடும்போது, அதற்குச் செங்குத்தான திசையில் நீளம் குறையும். அடுத்த கணம் இது மாறி நிகழும். இந்த மாற்றத்தின் அளவு எவ்வளவு தெரியுமா? வலிமை மிக்க அலை வந்தாலும், 4 கிலோமீட்டர் நீளம் 4 × 10⁻¹⁸ மீட்டர் அளவே மாறும். புள்ளிக்குப் பின் 17 சுழிகள் இட்டு ஒரு 4 எழுதினால் வரும் எண் இது. அணுவின் மையத்திலுள்ள புரோட்டானின் விட்டத்தில் ஏறத்தாழ 400-இல் ஒரு பங்கு!

இவ்வளவு சிறிய மாற்றத்தை அளக்கவே முடியாது என்று பலரும் கருதியதில் வியப்பில்லை. 1960-களில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோசப் வெபர், பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு அவற்றின் அதிர்வை அளந்தார். அலைகள் கிடைத்துவிட்டன என்று 1969-இல் அறிவித்தார். ஆனால் மற்ற ஆய்வாளர்களின் உருளைகளில் அவை தென்படவில்லை. 1974-இல் ரஸ்ஸல் ஹல்ஸ், ஜோசப் டெய்லர் ஆகியோர் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நியூட்ரான் விண்மீன்களைக் கண்டுபிடித்தனர். அவற்றின் சுற்றுக்காலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது. குறைந்த அளவு, ஈர்ப்பு அலைகள் ஆற்றலைக் கொண்டு போனால் எவ்வளவு குறையுமோ அதே அளவு. அலைகள் இருப்பது உறுதியாயிற்று. ஆயினும் அலையை நேரில் பிடிக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒளியே அளவுகோல்

ஈர்ப்பு அலைகளைப் பிடித்த கருவியின் பெயர் லைகோ. ‘லேசர் குறுக்கீட்டுமுறை ஈர்ப்பு அலை ஆய்வகம்’ என்பதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டனில் ஒன்றும், வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில் ஒன்றுமாக, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கருவிகள் உள்ளன.

ஒவ்வொன்றும் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் அமைந்தது. 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கைகள் செங்குத்தாகச் சேர்கின்றன. கைகள் என்பவை காற்று நீக்கப்பட்ட குழாய்கள். சேருமிடத்தில் ஒரு சிறப்பு ஆடி இருக்கிறது. தன்மேல் விழும் ஒளியில் பாதியை உள்ளே விட்டு, மீதிப் பாதியைத் திருப்பிவிடும். இதைப் பிளவாடி என்று அழைப்போம். லேசர் ஒளி பிளவாடியில் பட்டு இரண்டாகப் பிரிந்து, இரு கைகளிலும் ஓடி, கைகளின் முனையிலுள்ள ஆடிகளில் பட்டுத் திரும்பி, மீண்டும் பிளவாடியில் சந்திக்கிறது.

அப்போது என்ன நிகழும்? உங்கள் பாடத்தில் ஒளியின் குறுக்கீட்டு விளைவைப் படித்திருப்பீர்கள். ஓர் அலையின் முகடு மற்றோர் அலையின் அகட்டோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து இருள் உண்டாகும். லைகோவில் இரு கைகளின் நீளமும் ஏறத்தாழ அப்படித்தான் அமைக்கப்பட்டுள்ளது. வெளிவாசலில் இருக்கும் ஒளி உணரும் கருவிக்குக் கிடைப்பது ஏறக்குறைய இருளே. ஈர்ப்பு அலை வந்து ஒரு கை நீண்டு மற்றது சுருங்கினால், முகடும் அகடும் விலகும். வெளிவாசலில் வெளிச்சம் மாறும். அந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமே நாம் தேடும் செய்தி.

கைகளின் முனையிலுள்ள ஆடிகள் ஒவ்வொன்றும் 40 கிலோகிராம் எடை உள்ளவை. தூய சிலிக்காக் கண்ணாடியால் ஆனவை. தரையின் அதிர்வு தாக்காதபடி, நான்கு அடுக்கு ஊசலில் தொங்குகின்றன. ஒவ்வொரு கையிலும் கூடுதலாக ஓர் ஆடி வைத்து, ஒளியை ஏறத்தாழ 300 முறை இங்குமங்கும் ஓடவிடுகிறார்கள். கையின் நீளம் அத்தனை மடங்கு பெருகியது போன்ற பயன் இதனால் கிடைக்கிறது.

தரையதிர்வு, காற்று, வெப்பம் என்று ஒவ்வோர் இடையூறையும் பொறியியல் திறமையால் குறைத்துக்கொண்டே போகலாம். ஆனால் எல்லாவற்றையும் குறைத்த பிறகும் ஓர் இடையூறு மிஞ்சி நின்றது. அது ஒளிக்குள்ளேயே இருந்தது.

தகரக் கூரையில் மழை

தகரக் கூரையின்மேல் மழை பெய்வதைக் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் ஒரே சீரான ஓட்டமாக விழுந்தால் அந்தப் படபடப்புச் சத்தம் இராது. துளித் துளியாக, ஒழுங்கில்லாமல் விழுவதால்தான் அந்த ஓசை.

ஒளியும் அப்படித்தான். அது ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து சேர்கிறது. எந்த ஃபோட்டான் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சராசரியாக 100 ஃபோட்டான்கள் வர வேண்டிய நேரத்தில் ஒரு முறை 92 வரலாம். மறுமுறை 109 வரலாம். சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலமே இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு என்பது கணக்கு. 100-க்கு 10, அதாவது 10 விழுக்காடு. 10,000-க்கு 100, அதாவது 1 விழுக்காடு. 10 இலட்சத்துக்கு 1,000, அது 0.1 விழுக்காடுதான். ஃபோட்டான்கள் பெருகப் பெருக நடுக்கத்தின் பங்கு குறைகிறது. இதைத் துகள் இரைச்சல் எனலாம்.

இதைக்கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லைகோவின் லேசர் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 10⁻⁶ மீட்டர். 2015-இல் கருவிக்குள் செலுத்தப்பட்ட ஒளியின் திறன் ஏறத்தாழ 20 வாட். அப்படியானால் வினாடிக்கு ஏறத்தாழ 10²⁰ ஃபோட்டான்கள் செல்கின்றன. ஈர்ப்பு அலையின் ஓர் அதிர்வு ஏறத்தாழ நூற்றில் ஒரு வினாடி என்று கொண்டால், அந்த நேரத்தில் நமக்குக் கிடைப்பவை 10¹⁸ ஃபோட்டான்கள். அதன் வர்க்கமூலம் 10⁹. ஆகவே அலைநீளத்தில் 10⁹-இல் ஒரு பங்கு வரை, அதாவது 10⁻¹⁵ மீட்டர் வரை, நம்மால் பிரித்தறிய முடியும். ஒளி 300 முறை ஓடுவதால் இதை 300-ஆல் வகுக்கலாம். விடை ஏறத்தாழ 3 × 10⁻¹⁸ மீட்டர்.

நாம் தேடும் மாற்றம் 4 × 10⁻¹⁸ மீட்டர் என்று கண்டோம். செய்தியும் இரைச்சலும் ஏறத்தாழ ஒரே அளவு! வெளியேறும் ஒளியைத் திருப்பி மீண்டும் கருவிக்குள்ளேயே விடும் ஓர் உத்தியால் ஒளியின் திறனைப் பல மடங்காக்கினார்கள். அதனால் இரைச்சல் மேலும் ஆறு மடங்கு குறைந்து, செய்தி கேட்கும் நிலை வந்தது.

ஒளியைக் கூட்டினால் போதாதா?

அப்படியானால் இன்னும் இன்னும் ஒளியைக் கூட்டினால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் குவாண்டம் இயற்பியல் தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது.

ஒளி ஒரு பொருளின்மேல் பட்டால் அதைச் சிறிது தள்ளும். கைவிளக்கின் ஒளி உள்ளங்கையில் படும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவ்வளவு மெல்லிய தள்ளல் அது. ஆனால் புரோட்டானைவிடச் சிறிய அசைவைத் தேடும் கருவிக்கு அது பெரிய செய்தி. ஃபோட்டான்கள் ஒழுங்கின்றி வருவதால் தள்ளலும் ஒழுங்கின்றி இருக்கும். தொங்கும் ஆடி அதனால் நடுங்கும். ஒளியைக் கூட்டக் கூட்ட இந்த நடுக்கமும் கூடும். இதற்கு ஒளி அழுத்த இரைச்சல் என்று பெயர்.

ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறுகிறது. ஆடி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க முயன்றால், பார்க்கும் செயலே அதை அசைத்துவிடுகிறது. 1927-இல் வெர்னர் ஹைசன்பர்க் கூறிய நிச்சயமின்மைத் தத்துவம் இதுவே. ஒரு பொருளின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் முழுத் துல்லியத்துடன் அறிய முடியாது. இதனால் அளவீட்டுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு என்று மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் விளாதிமிர் பிராகின்ஸ்கி 1968-இல் எடுத்துக் காட்டினார். எலெக்ட்ரானுக்கு உரியது என்று நாம் நினைக்கும் விதி, பல கிலோகிராம் எடையுள்ள பொருளையும் கட்டுப்படுத்தும் என்பது அக்காலத்தில் புதிய செய்தி.

இவ்விரண்டு இரைச்சல்களும் ஒரே இடத்தில் தொல்லை தருவதில்லை. கனமான ஆடி வேகமான தள்ளல்களுக்கு இணங்கி அசையாது. மெதுவான தள்ளல்களுக்கே அசையும். ஆகவே ஒளி அழுத்த இரைச்சல் குறைந்த அதிர்வெண்களில் மிகுதி. துகள் இரைச்சல் உயர்ந்த அதிர்வெண்களில் மேலோங்கும். இதை நினைவில் கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

காலி வாசல்

1970-களின் இறுதியில் விஞ்ஞானிகளிடையே ஓர் ஐயம் எழுந்தது. இரு கைகளுக்கும் ஒளி செல்வது ஒரே லேசரிலிருந்து. லேசரின் ஒளி கூடினால் இரு கைகளிலும் ஒரே அளவில் கூடும்; குறைந்தால் ஒரே அளவில் குறையும். நாம் அளப்பதோ இரு கைகளின் வேறுபாட்டை மட்டும். அப்படியானால் ஏற்ற இறக்கங்கள் கழிந்துபோக வேண்டுமல்லவா? இந்த இரைச்சல் உண்மையில் இருக்கிறதா?

கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் கிப் தார்னின் குழுவைச் சேர்ந்த கார்ல்டன் கேவ்ஸ் என்னும் இளம் விஞ்ஞானி, 1980-இலும் 1981-இலும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் இதற்கு விடை கண்டார். பிளவாடிக்கு ஒளி நுழையக்கூடிய வாசல்கள் இரண்டு. ஒன்றின் வழியாக லேசர் நுழைகிறது. மற்றொன்று நாம் வெளிவாசல் என்று குறித்த பக்கம். அதன் வழியாக உள்ளே எதுவும் அனுப்பப்படுவதில்லை. அது காலி வாசல். அந்தக் காலி வாசலின் வழியாகத்தான் இரைச்சல் நுழைகிறது என்று கேவ்ஸ் காட்டினார்.

எதுவுமே இல்லாத இடத்திலிருந்து இரைச்சல் எப்படி வரும்? ஓர் ஊஞ்சலை எண்ணிக்கொள்ளுங்கள். அது முற்றிலும் அசையாமல் நிற்கிறது என்றால், அதன் இடமும் தெரியும், வேகமும் சுழி என்று தெரியும். இரண்டையும் ஒருசேர முழுத் துல்லியமாக அறிய ஹைசன்பர்க் விதி இடம் தராது. ஆகவே முழு ஓய்வு என்பது குவாண்டம் உலகில் கிடையாது. ஒளி அலையும் ஒருவகை ஊஞ்சல்தான்; அதன் மின்புலம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. விளக்குகளை எல்லாம் அணைத்து, கடைசி ஃபோட்டானையும் நீக்கிய முழு இருளிலும் அந்த ஊஞ்சல் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். இதை வெற்றிட நடுக்கம் என்பார்கள்.

இந்த நடுக்கம் காலி வாசல் வழியே நுழைந்து லேசர் ஒளியோடு கலக்கிறது. ஒரு கையில் அது லேசர் ஒளியோடு கூடுகிறது. மறு கையில் கழிகிறது. ஆகவே இரு கைகளின் வேறுபாட்டில் அது அப்படியே எஞ்சி நிற்கிறது.

நோயின் காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். காலி வாசலை மூட முடியாது. மூடினால் செய்தியும் வெளிவராது. ஆனால் அங்கே நுழையும் சாதாரண வெற்றிடத்துக்குப் பதிலாக, நமக்குத் தொல்லை தராத வகையில் மாற்றப்பட்ட ஒரு வெற்றிடத்தை அனுப்பலாமே! 1981-இல் கேவ்ஸ் கூறிய வழி இதுதான்.

அமுக்கிய ஒளி

காற்றடைத்த ஒரு பலூனை இரு கைகளாலும் பக்கவாட்டில் அமுக்கிப் பாருங்கள். அகலம் குறையும், ஆனால் மேலும் கீழும் பிதுங்கும். உள்ளே உள்ள காற்று எங்கும் போய்விடவில்லை.

நிச்சயமின்மைத் தத்துவமும் இத்தகையதே. ஓர் ஒளி அலையை விவரிக்க இரண்டு அளவுகள் வேண்டும்: அலையின் உயரத்தைக் காட்டும் வீச்சு ஒன்று, முகடு எப்போது வருகிறது என்பதைக் காட்டும் கட்டம் மற்றொன்று. சாதாரண ஒளியில் இரண்டிலும் நடுக்கம் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. இரண்டின் நடுக்கங்களையும் பெருக்கி வரும் தொகை ஓர் அளவுக்குக் கீழே போகக்கூடாது என்பதே விதி. தனித்தனியே ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கலாம் என்று விதி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே கட்டத்தின் நடுக்கத்தை அமுக்கிவிட்டு, வீச்சின் நடுக்கத்தைப் பிதுங்க விடலாம். விதி மீறப்படவில்லை, நமக்கு வேண்டிய அளவும் தெளிவாகிவிட்டது. இத்தகைய ஒளியை ஆங்கிலத்தில் ஸ்குவீஸ்டு லைட் என்பார்கள். நாம் அமுக்கிய ஒளி எனலாம்.

இதை உருவாக்குவது எப்படி? மீண்டும் ஊஞ்சலிடமே வருவோம். ஊஞ்சலில் நின்று ஆடுபவர், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து ஊஞ்சலை உந்துவதைப் பார்த்திருப்பீர்கள். உந்தல் சரியான கட்டத்தில் அமைந்தால் ஆட்டம் வளரும். எதிரான கட்டத்தில் அமைந்தால் ஆட்டம் அடங்கிப்போகும். ஒரே உந்தல், ஒரு கட்டத்து ஆட்டத்தை வளர்க்கிறது. மற்றக் கட்டத்து ஆட்டத்தை அடக்குகிறது.

ஆய்வகத்தில் ஒரு சிறப்புப் படிகத்துக்குள் பச்சை நிற லேசர் ஒளியைச் செலுத்துகிறார்கள். அதன் அதிர்வெண், லைகோவில் ஓடும் அகச்சிவப்பு ஒளியின் அதிர்வெண்ணைப்போல் சரியாக இரு மடங்கு. ஊஞ்சலில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு உந்தல் என்றது இதையே. படிகத்துக்குள் இருக்கும் வெற்றிட நடுக்கத்தின் ஒரு பகுதி வளர்கிறது. மறு பகுதி அடங்குகிறது. துகள் நோக்கில் சொன்னால், ஒரு பச்சை ஃபோட்டான் உடைந்து இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்களாகிறது. அவை இரட்டையராகப் பிறப்பதால், தனித்தனியே தோன்றும் ஃபோட்டான்களைப்போல் தம் விருப்பப்படி வருவதில்லை. அவற்றின் வருகையில் ஓர் ஒழுங்கு உண்டு.

இத்தகைய ஒளியைப் பற்றிப் பேசத் தேவையான கணித மொழி 1963-லேயே பிறந்திருந்தது. அதைத் தனித்தனியே உருவாக்கியவர்கள் ராய் கிளாபரும், கேரளத்தில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ஈ. சி. ஜி. சுதர்சனும் ஆவர். எந்த ஒளியைப் பழைய அலைக் கொள்கையால் விளக்கலாம், எதைக் குவாண்டம் கொள்கையால் மட்டுமே விளக்க முடியும் என்று பிரித்துக் காட்ட அவர்கள் வழி உதவியது. அமுக்கிய ஒளி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1985-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சோடியம் அணுக்களைக்கொண்டு அமுக்கிய ஒளி முதன்முதலாக உண்டாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கிம்பிளின் குழு படிகத்தைப் பயன்படுத்தி இரைச்சலைப் பாதிக்குமேல் குறைத்துக் காட்டியது.

கருவியில் ஏறிய ஒளி

மேசைமேல் செய்துகாட்டிய ஒன்றைக் கிலோமீட்டர் கணக்கில் நீளும் கருவியில் பொருத்த மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அமுக்கிய ஒளி மிக மென்மையானது. வழியில் ஏதேனும் ஓர் ஆடி சிறிது ஒளியை உறிஞ்சினாலும், சிதறடித்தாலும், இழந்த ஒளியின் இடத்தைச் சாதாரண வெற்றிட நடுக்கம் நிரப்பிவிடும். பலூனில் பொத்தல் விழுந்தாற்போல் ஆகிவிடும்.

ஜெர்மனியில் ஹானோவர் நகருக்கு அருகிலுள்ள ஜியோ 600 என்னும் கருவியில் 2010 முதல் அமுக்கிய ஒளி பயன்பட்டு வருகிறது. இது 600 மீட்டர் கைகளையுடைய சிறிய கருவி. லைகோவோ அமுக்கிய ஒளி இன்றியே 2015 செப்டம்பர் 14-ஆம் நாள் முதல் ஈர்ப்பு அலையைப் பிடித்தது. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாயின. நிகழ்ந்த இடம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவு. லிவிங்ஸ்டனில் முதலில் வந்த அலை, ஏறத்தாழ 7 மில்லி வினாடி கழித்து ஹான்ஃபோர்டைக் கடந்தது. இதற்காக ரைனர் வைஸ், பாரி பேரிஷ், கிப் தார்ன் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈர்ப்பு அலை ஒருமுறைதான் நம்மைக் கடக்கும். மங்கலாகத் தெரிந்த விண்மீனை மறுநாள் மீண்டும் பார்க்கலாம். தவறவிட்ட ஈர்ப்பு அலையை மீண்டும் பிடிக்க வழியே இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து வந்த செய்தி, ஒரு வினாடிக்குள் நம்மைத் தாண்டிப் போய்விடும். ஆகவே கருவியின் கூர்மையைக் கூட்டுவது அவசரத் தேவையாயிற்று.

2019 ஏப்ரலில் தொடங்கிய மூன்றாம் ஆய்வுச் சுற்றில் லைகோவின் இரு கருவிகளிலும் அமுக்கிய ஒளி காலி வாசல் வழியாகச் செலுத்தப்பட்டது. பிடிபடும் அலைகளின் எண்ணிக்கை ஹான்ஃபோர்டில் ஏறத்தாழ 40 விழுக்காடும், லிவிங்ஸ்டனில் ஏறத்தாழ 50 விழுக்காடும் கூடும் அளவுக்குக் கூர்மை உயர்ந்தது.

2020-இல் மற்றொரு வியப்பான செய்தி வெளியாயிற்று. குவாண்டம் நடுக்கத்தால் 40 கிலோகிராம் ஆடிகள் 10⁻²⁰ மீட்டர் அளவு அசைவதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நெர்கிஸ் மவல்வாலாவும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினார்கள். கராச்சியில் வளர்ந்த மவல்வாலா, அமுக்கிய ஒளியை லைகோவுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். வளர்ந்த ஒரு சிறுவனின் எடையுள்ள பொருளும் குவாண்டம் விதிக்கு உட்பட்டு நடுங்குகிறது என்பது இப்போது அளந்தறிந்த உண்மை.

அடுத்து எழுந்தது பிதுங்கிய பக்கத்தின் தொல்லை. கட்டத்தின் நடுக்கத்தை அமுக்கினால் துகள் இரைச்சல் குறையும்; ஆனால் வீச்சின் நடுக்கம் பிதுங்கி, ஒளி அழுத்த இரைச்சலைக் கூட்டும். உயர்ந்த அதிர்வெண்களில் இலாபம், குறைந்த அதிர்வெண்களில் நட்டம். முன்னர் நினைவில் கொள்ளச் சொன்னது இங்கே உதவுகிறது. உயர்ந்த அதிர்வெண்ணுக்குக் கட்டத்தையும், குறைந்த அதிர்வெண்ணுக்கு வீச்சையும் அமுக்கிவிட்டால் இரண்டிலும் இலாபந்தானே! இதற்காக 300 மீட்டர் நீளமுள்ள தனிக் குழாய் ஒன்றைக் கட்டினார்கள். அமுக்கிய ஒளி முதலில் அதற்குள் ஆடிகளுக்கிடையே ஓடி, அதிர்வெண்ணுக்கு ஏற்ப அமுக்கும் திசை மாறிய பிறகே கருவிக்குள் நுழையும்.

2023 மே மாதம் தொடங்கிய நான்காம் சுற்றில் இது பயன்பாட்டுக்கு வந்தது. கருவி எட்டும் தொலைவு இதனால் 15 முதல் 18 விழுக்காடு கூடியது. இது சிறிய பலன் என்று எண்ணிவிடாதீர்கள். தொலைவு 1.18 மடங்கானால், கருவி காணும் கோளத்தின் கன அளவு 1.18 × 1.18 × 1.18, அதாவது ஏறத்தாழ 1.64 மடங்கு. கன அளவு கூடினால் அதற்குள் நிகழும் மோதல்களும் அதே மடங்கு கூடும். பிராகின்ஸ்கி காட்டிய எல்லைக்கும் கீழே லிவிங்ஸ்டன் கருவியின் இரைச்சல் ஒரு பகுதி அதிர்வெண்களில் இறங்கிவிட்டது என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது.

பத்தாண்டில் கண்ட தெளிவு

இத்தனை பாடுபட்டதன் பயன் என்ன என்பதை ஒரே நிகழ்ச்சியில் காணலாம். 2025 ஜனவரி 14-ஆம் நாள் ஓர் ஈர்ப்பு அலை வந்தது. சூரியனைப்போல் ஏறத்தாழ 34 மடங்கும் 32 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள், ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் மோதியதால் எழுந்தது அது. 2015-இல் வந்த முதல் அலைக்கு ஏறத்தாழ உடன்பிறப்பு எனலாம். ஆனால் இம்முறை அது மூன்று மடங்குக்கும் மேலான தெளிவுடன் கேட்டது. வந்த அலை பெரிதும் அதே வலிமையுடையதே. நம் செவியே கூர்மையாகியிருந்தது. லேசர், ஆடி, ஊசல் எனப் பலவற்றிலும் செய்த முன்னேற்றங்களோடு அமுக்கிய ஒளிக்கும் இதில் பங்குண்டு.

அந்தத் தெளிவால் ஒரு பழைய கேள்விக்கு விடை கிடைத்தது. கருந்துளைகள் சேரும்போது அவற்றின் மொத்தப் பரப்பளவு ஒருபோதும் குறையாது என்று ஸ்டீவன் ஹாக்கிங் 1971-இல் கூறியிருந்தார். மோதலுக்கு முன் இரு கருந்துளைகளின் பரப்பு மொத்தம் ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதிய பின் உண்டான ஒரே கருந்துளையின் பரப்பு ஏறத்தாழ 4,00,000 சதுர கிலோமீட்டர். ஹாக்கிங் கூறியது மெய்யாயிற்று. கருந்துளையின் பரப்பளவைக் குவாண்டம் கொள்கையோடும் வெப்ப இயக்கவியலோடும் இணைத்த ஆராய்ச்சிகள் பின்னர் அந்தக் கூற்றிலிருந்து கிளைத்தன என்பது குறிப்பிடத்தக்கது.

இன்னும் விடை காணாத கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒளி அலை ஃபோட்டான்களால் ஆனது என்றால், ஈர்ப்பு அலையும் துகள்களால் ஆனதா? அத்துகளுக்குக் கிராவிட்டான் என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். தனி ஒரு கிராவிட்டானை இதுவரை எந்தக் கருவியும் கண்டதில்லை. குவாண்டம் கொள்கையையும் பொதுச் சார்புக் கொள்கையையும் ஒரே கொள்கையாக இணைக்கும் வழியும் இன்னும் உறுதியாகக் கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் ஒன்றுக்கொன்று உதவும் இரண்டும், கணக்கில் இன்னும் கைகோக்கவில்லை.

மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் அவுந்தா என்னும் இடத்தில், லைகோவைப் போன்ற 4 கிலோமீட்டர் கருவி ஒன்றை அமைக்க இந்திய அரசு 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று துல்லியமாகக் காண, உலகின் இந்தப் பக்கத்தில் ஒரு கருவி மிகவும் உதவும். அதற்கு ஆடி மெருகிடுவோரும், லேசர் வல்லுநரும், கணிதம் அறிந்தோரும், கணிப்பொறி கற்றோரும் வேண்டும். இன்று உயர்நிலைப் பள்ளியில் அலைகளைப் பற்றிப் படிப்பவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் 25 சம கட்டங்கள் வரையுங்கள். சரியாக 100 கேழ்வரகு மணிகளை எண்ணி எடுத்து, சற்று உயரத்திலிருந்து தாள் முழுவதும் பரவும்படி தூவுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணிகள் விழுந்தன என்று எழுதுங்கள். சராசரி 4 வரும். ஆனால் பல கட்டங்களில் அது 2 கூடியோ குறைந்தோ இருக்கும். இப்போது 400 மணிகளைத் தூவி எண்ணுங்கள். சராசரி 16, ஏற்ற இறக்கம் 4-ஐ ஒட்டி இருக்கும். முதலில் ஏற்ற இறக்கம் சராசரியில் பாதி. இரண்டாவதில் கால் பங்கு. மணிகளை நான்கு மடங்காக்கினால் நடுக்கம் பாதியாகிறது. லைகோவின் லேசர் ஒளியில் ஃபோட்டான்கள் நடந்துகொள்வதும் இக்கணக்கின்படியே.